கசங்காத வாஷர்

ஆயுத பூஜை அன்று மதியம் கீழ்க்கட்டளையில் ஜீவிதாவின் பட்டறையில் வேலை செய்யக் கையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா அங்காளம்மா ஓர் அன்னக்கூடையுடன் பட்டறையைச் சுற்றி வந்து, கண்ணில் பட்ட ஸ்பேனர், சாக்கெட், ரெஞ்ச், சுத்தியல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். இப்போது அவை சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி படத்தின் முன்னால் வாழையிலையில் வரிசையாகப் படுத்திருந்தன. ஜாக்கின் கழுத்தில் கதம்பம். நடுவில் அங்காளம்மா மீன் வெட்டும் அருவாமனையும் தராசும். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை எதன் மேலும் கை வைக்கக் கூடாது. யாராவது வைத்துவிடுவார்களோ என்று அங்காளம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டதும் ஜீவிதா தலையைத் தூக்கினாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அதன் மேல் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது: டிக், டிக், டிக்.

கருநீல செடான், இருபது வயது. பார்த்தால் யாரோ ஆபீசுக்குப் போகிற வண்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் அதன் இன்ஜின், வால்வுகளைத் திறக்கும் வேறு கேமுக்கு மாறிக்கொள்ளும், குரலும் மாறிவிடும். அந்தக் குரலுக்காகவே சென்னையில் சிலர் இந்த மாடலைத் தேடி வாங்கிப் பாதுகாக்கிறார்கள். அனிருத் அவர்களில் ஒருவன். சேலையூரில் வீடு, சிறுசேரியில் மென்பொருள் வேலை.

"இன்னா தம்பி, நேத்துதானே எடுத்துகினு போனே?" என்றாள் அங்காளம்மா.

"அதான் ஆன்ட்டி திரும்பி வந்துட்டேன். கேளுங்க."

அங்காளம்மா பொரியை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பல்லி கத்தறாப்ல கீது."

அனிருத் இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் ஜீவிதாவிடம் வந்தான். காலையில் வீட்டில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோதே சத்தம் லேசாக இருந்ததாம். மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது கூடியதாம். அதைப் பதிவு செய்து, தன்னைப் போன்ற கார்ப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். வேளச்சேரியில் பெயர் பெற்ற மெக்கானிக் ஒருவரும் அதில் இருக்கிறார். அவர் உடனே பதில் போட்டுவிட்டார்.

அனிருத் போனை நீட்டினான். ராடு பேரிங் போச்சு, இனி ஸ்டார்ட் செய்யாதே, லாரியில் ஏற்றி என்னிடம் அனுப்பு என்று இருந்தது. கீழே இன்னொருவன் கேட்டிருந்தான்: 'யாருடா இன்ஜின் பண்ணது?'

"அப்புறம் எதுக்கு ஓட்டிட்டு வந்தீங்க?"

"மனசு கேக்கலக்கா. நீங்க கட்டின இன்ஜின். உங்க காதுல ஒரு தடவ போட்டுடலாம்னுதான். ஃப்ளாட்பெட் லாரியை இங்கயே வரச் சொல்லிட்டேன். நீங்களும் அதேதான்னு சொல்லிட்டா இங்கேர்ந்தே ஏத்தி அனுப்பிடறேன்."

ஜீவிதா கோவளம் குப்பத்துப் பெண். ஐ.டி.ஐ. முடித்து, மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சில வருடங்கள் இருந்துவிட்டு இந்தப் பட்டறையைப் போட்டாள். கிளட்ச், பிரேக், ஏசி என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் இன்ஜினை முழுதாகப் பிரித்து, அடியில் சுற்றும் கிராங்க் தண்டைக் கழற்றி, புது பேரிங் போட்டுத் திரும்பக் கட்டும் வேலையை யாரும் அவளிடம் தந்ததில்லை. இதுதான் முதல். கட்டிய இன்ஜின் படிவதற்காக ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி முடித்து, நேற்று சாயங்காலம் அனிருத் வண்டியைக் கொண்டுவந்தான். ஆயில் மாற்றி, புது ஸ்பார்க் பிளக் நான்கும் போட்டுக் கொடுத்தாள். நாளைக் காலை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் குழுவே கூடுகிறது. பேரிங் போயிருந்தால் அவளிடம் அடுத்த இன்ஜின் வராது. "பானெட்டைத் தொறங்க" என்றாள்.

'டிக்' என்பது ஓர் இன்ஜினுக்குள் பல பேர் பேசுகிற மொழி. பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் டிக் என்னும். அது நல்ல சத்தம். வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி அதிகமானால் டிக். சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கீறல் இருந்தால், அதன் வழியாக வெளியேறும் புகையும் டிக் என்றே கேட்கும். கடைசியில் ராடு பேரிங். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டின் அடியில், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றவேண்டிய மெல்லிய உலோகத் தகடு அது. தேய்ந்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் இரும்பின் மேல் இரும்பு இடிக்கும். நேரில் கேட்டால் அது கனமான 'டொக்'. ஆனால் போனின் மைக் கனத்தை வடிகட்டி எறிந்துவிட்டு மேலோட்டமான கூர்மையை மட்டும் பிடித்துவைக்கும். பதிவில் நான்கும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

"லிஃப்டர் டிக்கா இருக்கலாமாக்கா? ஆயில் கொஞ்சம் திக்கா போட்டா போயிடும்னு படிச்சேன்."

"ஆயில் அழுத்தத்துல வால்வைத் தள்ளற லிஃப்டர் இதுல இல்லியே. ஸ்க்ரூ வெச்சு நாமதான் வால்வுக்கு கேப் வெக்கறோம்."

"ஆமால்ல" என்று அவன் நெற்றியைத் தேய்த்தான்.

ஜீவிதா டிப்ஸ்டிக்கை உருவி, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய் சரியான மட்டத்தில், தேன் நிறத்தில் இருந்தது. விரலில் தேய்த்தாள். பேரிங் அரைபட்டால் எண்ணெயில் ஜிகினா போல மின்னும். மின்னவில்லை. ஆனால் நேற்றுத்தான் மாற்றிய எண்ணெய். ஒரே இரவில் மின்னிவிட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

அடுத்து ஓடவிட்டுக் காதால் கேட்கவேண்டும். அதற்கென்று அவளிடம் ஒரு ஸ்டெதஸ்கோப் உண்டு. அது இப்போது அருவாமனைக்குப் பக்கத்தில், முனையில் குங்குமத்துடன் இருந்தது. ஜீவிதா அந்தப் பக்கம் திரும்பியதுமே அங்காளம்மாவின் குரல் வந்தது.

"தோ பாரு. கண்ணாலகூடத் தொடாதே."

"பார்க்கக்கூடக் கூடாதா?"

"நீ பார்க்கற பார்வை எனக்குத் தெரியும்டி."

ஜீவிதா குப்பை டப்பாவைக் கிளறி, கைநீளம் உள்ள ஒரு பழைய ரப்பர் ஓஸ் குழாயை எடுத்தாள். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இன்ஜின் அருகில் கொண்டுபோனால் அந்த ஒரு இடத்துச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். சும்மா கேட்டால் எல்லாப் பக்கமிருந்தும் ஒலி வந்து குழப்பும்.

"அதுவும் ஆயுதம்தானே?" என்று அங்காளம்மா சந்தேகமாகப் பார்த்தாள்.

"குப்பைன்னு நேத்து நீதான் தூக்கிப் போட்டே."

அங்காளம்மா யோசித்துவிட்டு ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டாள். அனுமதி என்று ஜீவிதா எடுத்துக்கொண்டாள்.

அனிருத் ஸ்டார்ட் செய்தான். ஜீவிதா முதலில் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் பானெட் ஓரத்தில் தாளம் போட்டாள். கீழே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே கிராங்க்கின் வேகத்தில் வரும் சத்தம், வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போதும், தையல் மெஷின் போல விடாமல் ஓடும். விரலால் அதைப் பிடிக்க முடியாது. கேமின் வேகத்தில் வருவதை எட்டிப் பிடிக்கலாம். இந்த டிக்கை விரலால் பிடிக்க முடிந்தது. ஆனால் ராடு இடிக்கும்போதும் வெடிப்பு நடக்கும் சுற்றில்தான் பலமாக இடிக்கும் என்பதால், இதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

ஓஸை வைத்து இன்ஜெக்டர்களைக் கேட்டாள். நான்கும் ஒரே குரல். வால்வு மூடியின் ஓரங்களில் கேட்டாள். தாறுமாறாக ஒன்றும் இல்லை. சைலன்சர் சேரும் இடமும் சுத்தம்.

"காலைல இன்ஜின் சூடானதும் சத்தம் குறைஞ்சுதா?"

"இல்லக்கா. சூடாக ஆக ஜாஸ்தியாச்சு."

சைலன்சர் கீறலாக இருந்தால் சூட்டில் இரும்பு விரிந்து கீறல் அடைபட்டிருக்கும். சூட்டில் கூடுவது, மேட்டில் ஏறும்போது கூடுவது இரண்டும் பேரிங்கின் குணம். அனிருத்தும் அதைப் படித்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஃப்ளாட்பெட் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியில் பட்டையாகச் சந்தனம். டிரைவர் ஜெயவேலு தலையை நீட்டினார்.

"சார், ஏத்திடலாமா? படப்பையில இன்னொரு பார்ட்டி வெயிட் பண்ணிகினு கீறாங்க."

"கொஞ்சம் இருங்கண்ணா."

"கொஞ்சம்னா எவ்ளோ சார்?"

"ஒரு கை பொரி தின்ற அவ்ளோ நேரம்" என்றாள் அங்காளம்மா. ஜெயவேலு இறங்கி வந்து கையை நீட்டினார்.

ஜீவிதா அடுத்ததைச் செய்தாள். நான்கு சிலிண்டர்களில் சத்தம் எதில் என்று தெரியவேண்டும். ஒவ்வொன்றாகப் பெட்ரோலை நிறுத்திப் பார்த்தால் போதும். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கையாலேயே கழற்றலாம். கழற்றினால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லை. பிஸ்டன் சும்மா ஏறி இறங்கும். இன்ஜினை நிறுத்தி முதலாவதைக் கழற்றி ஓடவிட்டாள். வண்டி நொண்டியது, சத்தம் அப்படியே இருந்தது. இரண்டாவது, அப்படியே. மூன்றாவதும்.

நான்காவதைக் கழற்றியதும் டிக் அடங்கிவிட்டது.

அனிருத் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தான். "நாலாவது ராடு" என்றான்.

வெடிப்பை நிறுத்தினால் அடங்குகிறது என்றால், வெடிப்பின் பலத்தில் இடிக்கிறது என்று அர்த்தம். வேளச்சேரிக்காரர் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஜெயவேலு மீதிப் பொரியை வாயில் கொட்டிக்கொண்டு லாரியின் பலகையை இறக்கப் போனார்.

"ஆஃப் பண்ணாதீங்க" என்றாள் ஜீவிதா.

ஓர் அட்டையைத் தரையில் போட்டுப் படுத்து, பம்பருக்கு அடியில் கையை நீட்டி, ஓஸை இன்ஜினின் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பின் மேல் வைத்துக் கேட்டாள். கிராங்க் அங்கேதான் சுற்றுகிறது. எழுந்து கனெக்டரைத் திரும்ப மாட்டி, மறுபடி படுத்துக் கேட்டாள். டிக் வந்தது, ஆனால் தூரத்திலிருந்து, மாடி வீட்டுச் சத்தம் போல. எழுந்து மேலே வந்தாள். நான்காவது சிலிண்டருக்கு நேர் மேலே, ஸ்பார்க் பிளக் இறங்கியிருக்கும் ஆழமான குழியின் வாயில் ஓஸை வைத்ததும் காதில் அறைந்தது.

மறுபடி கனெக்டரைக் கழற்றி, அதே இடத்தில் கேட்டாள். டிக் இல்லை. ஆனால் அமைதியும் இல்லை. அடங்கிவிட்டதாக நினைத்த இடத்தில் மெல்லியதாக ஒன்று மிச்சமிருந்தது: புஸ், புஸ், புஸ்.

அவள் நிமிர்ந்து, ஓஸைச் சட்டென்று அனிருத்திடம் நீட்டினாள்.

"கேளுங்க."

அனிருத் கேட்டான். "காத்து மாதிரி இருக்கு."

"காத்தேதான். வெடிக்கலேன்னாலும் பிஸ்டன் மேல வரும்போது காத்தை அமுக்கும் இல்ல? அது எங்கயோ வழி கண்டுபிடிச்சு வெளிய வருது. வெடிக்கும்போது அதே வழில நெருப்புப் புகை வரும். அது டிக். ராடுக்கு மூச்சு கிடையாது அனிருத். அது இடிக்கத்தான் இடிக்கும்."

"அப்போ பேரிங்..."

"நல்லா இருக்கு."

ஜெயவேலு பாதி இறக்கிய பலகையைப் பிடித்தபடி நின்றார். "ஏத்தணுமா, வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம்."

ஜீவிதா இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். சூடான அலுமினியத்திலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரையே சேர்ந்து வந்துவிடும் என்பதால் ஆறும்வரை காத்திருந்தார்கள். ஜெயவேலுவுக்கு இரண்டாவது கை பொரி கிடைத்தது. பிறகு நான்காவது பிளக்கின் ஒயர் மூடியை இழுத்தாள். குழியிலிருந்து கருகிய பெட்ரோல் வாசனை வந்தது. அதே ரப்பர் ஓஸைக் குழிக்குள் விட்டு பிளக்கின் தலைமேல் அழுத்திச் செருகி, திருகினாள்.

இறுக்கிய பிளக் ரப்பர் ஓஸுக்கு அசையாது. ஓஸ்தான் முறுக்கிக்கொண்டு வழுக்கும். இதுவோ தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டு மேலே வந்தது.

ஜீவிதா அதை உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குக் கொண்டுவந்தாள். மரையில் சேதம் இல்லை. அடியில் உள்ள வாஷரைத்தான் அவள் வெகுநேரம் பார்த்தாள். பிளக்கோடு வரும் அந்த வளையம் உள்ளே காலியாக இருக்கும். முதல் தடவை இறுக்கும்போது நசுங்கி, இடுக்கில்லாமல் அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு பழைய உருவம் வராது.

"வழியில அதிர்வுல கழண்டிருக்கும் இல்லக்கா?" என்றான் அனிருத். "மேடவாக்கம் ரோடு இருக்கற இருப்புக்கு..."

அப்படியே விட்டிருக்கலாம். அவனே கொடுத்த வழி. ஜீவிதா குப்பை டப்பாவிலிருந்து நேற்றுக் கழற்றிய பழைய பிளக் ஒன்றை எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்தாள். பழையதன் வாஷர் தோசைபோலத் தட்டையாக இருந்தது. புதியதில் ஒரு பக்கம் கரி படிந்திருந்தாலும், வளையம் கடையில் வாங்கியபோது இருந்த அதே உருண்டையில் இருந்தது.

"ஒரு தரம் டைட் பண்ணியிருந்தா இது கசங்கியிருக்கும். கசங்கவே இல்ல. ரோடு மேல தப்பு இல்ல. நான் விட்டது."

ஜீவிதா இரண்டு பிளக்குகளையும் அனிருத்திடம் நீட்டினாள்.

"மூணை டைட் பண்ணேன். நாலாவதைக் கையால இறக்கிகினு இருந்தப்போ அம்மா கூடையோட வந்து ரெஞ்சைக் கேட்டுச்சு. குடுத்துட்டு மூடியை மாட்டிட்டேன்."

"இன்னாடி இது, என் தலையில கட்டறே?" என்று அங்காளம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"கேட்டது நீ. குடுத்தது நான். உன்னை ஒண்ணும் சொல்லல."

"சாமி காரியத்துக்குக் கேட்டேன். வேலையை முடிச்சுட்டுக் குடுக்கணும்னு உனக்குத் தெரியாது? மீனைப் பாதி அறுத்துட்டு யாராச்சும் அருவாமனையைக் குடுப்பாங்களா?"

ஜெயவேலு சிரித்துவிட்டு, ஜீவிதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அனிருத் இரண்டு பிளக்குகளையும் வாங்கி மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் வாஷரை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"இப்போ இதை டைட் பண்ணணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். கையால பண்ணா பத்தாது. வாஷர் கசங்கற அளவுக்கு வேணும்."

எல்லோருடைய கண்ணும் சாமி படத்தின் பக்கம் போனது. சாக்கெட்டும் ரெஞ்சும் ஜோடியாக இலையில் கிடந்தன.

"நாளைக்கு" என்றாள் அங்காளம்மா.

"அவர் விடிகாலையில கிளம்பணும்மா."

"அதுக்குன்னு? அசதியில இருக்கற சாமானை எழுப்புவியா?"

அனிருத் மெதுவாகச் சொன்னான். "வண்டியோட டூல் கிட்டுல ஒரு பிளக் ஸ்பேனர் இருக்கு. டிக்கியில. ஆனா காலைல எங்கம்மா அதுக்கும் பொட்டு வெச்சுட்டாங்க."

"அப்போ அதுவும் ஆயுதம்" என்றாள் அங்காளம்மா.

"யம்மா" என்றார் ஜெயவேலு, பொரிக்கு நடுவில். "எனக்கு ஒரு டவுட்டு. காலைல என் லாரிக்குப் பூஜை போட்டேன். போட்டுட்டு ஓட்டிகினுதான் வந்தேன். அப்போ நான் பண்ணது தப்பா?"

"வண்டின்னா ஓட்டித்தான் ஆவணும். எலுமிச்சம்பழத்தை வேற எப்படி நசுக்குவே?"

"லாரியோட ஜாக்கிக்கும் சேர்த்துத்தான் பொட்டு வெச்சேன். நடுவழியில பஞ்சர் ஆச்சுன்னா நாளைக்கு வரைக்கும் குந்திகினு இருக்கவா?"

அங்காளம்மா வண்டியின் டிக்கியைப் பார்த்தாள், பிறகு வாழையிலையைப் பார்த்தாள். தெருவே அவளுக்காகக் காத்திருந்தது.

"அது வண்டியோட சேர்த்தி" என்றாள் கடைசியில். "வண்டி ஓடலாம்னா அதுவும் ஓடலாம். உன் சாமானை மட்டும் தொடாதே."

குங்குமப் பொட்டு வைத்த அந்தக் குழல் ஸ்பேனர் மெலிதானது, கைப்பிடிக்கு ஒரு வளைந்த கம்பி. ஜீவிதா மரையையும் குழியையும் துணியால் துடைத்து, ஓஸை வைத்தே பிளக்கை உட்காரும்வரை இறக்கினாள். பிறகு ஸ்பேனரை மாட்டித் திருப்பினாள். முதலில் ஒரு மெத்தென்ற எதிர்ப்பு, வாஷர் கசங்குகிறது. அரைச் சுற்றைத் தாண்டியதும் மெத்து போய்க் கெட்டியானது. அங்கே நிறுத்தினாள். மற்ற மூன்று மூடிகளையும் கழற்றி, ஒவ்வொரு பிளக்கிலும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள். அசையவில்லை. முதலாவதுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் பார்த்தாள்.

மூடிகளை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் மூன்று பேரும் பானெட்டின் மேல் குனிந்தார்கள். இன்ஜெக்டர்களின் சன்னமான பேச்சைத் தவிர ஒன்றும் இல்லை. அங்காளம்மா ஸ்டூலிலிருந்தே சொன்னாள்: "பல்லி பூட்ச்சு."

ஜெயவேலு பலகையை மடக்கினார். வீணாக வந்ததற்குப் பொரி கடலை ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு, அடுத்த பூஜைக்கும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனிருத் போனை எடுத்தான். "குரூப்ல என்னக்கா போடறது?"

"என்ன நடந்துதோ அதை."

"பிளக் லூஸ், சரியாயிடுச்சுன்னு போட்டா போதும்ல?"

"யார் போட்ட பிளக்னு கேப்பாங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவன் கொஞ்சநேரம் தட்டெழுதினான். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து, ஜீவிதா இலையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது அனிருத்திடமிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பந்தயத் தடத்தில் பல பேர் பேசும் இரைச்சல். அதில் ஒருவன் சொன்னான்: "பிளக்கையே டைட் பண்ணாதவங்க இன்ஜினை எப்படிடா கட்டியிருப்பாங்க?"

சிலர் சிரித்தார்கள். அனிருத்தின் குரல் சிரிக்கவில்லை. "சொன்னதே அவங்கதான் மச்சான். இப்போ கேளு."

ஆக்சிலரேட்டர் அழுந்தியது. சத்தம் சீராக ஏறி, ஓர் இடத்தில் கேம் மாறி, குரல் மாறி, அதற்கும் மேலே போனது. ஜீவிதா கண்ணை மூடிக்கொண்டு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். போனின் மைக் கனத்தை வடிகட்டிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே அதை நம்பாமல், ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லிப் பதில் போட்டாள். பிறகு பிளக் சாக்கெட்டை ஆணியில் மாட்டினாள்.

அங்காளம்மா அருவாமனையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கக் கிளம்பினாள்.